நூறில் முப்பத்தைந்து

மீட்டர் கண்ணாடியை இருபுறமும் கவ்வியது,
துணி காயப்போடும் கிளிப் போல.
பன்னிரண்டு என்றது.
நொக்வாண்டா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அதிகாரி
எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்,
காய்ச்சல் பார்த்த நர்ஸ் மாதிரி.

முன் கண்ணாடி நூறில் எழுபது வெளிச்சத்தை விட வேண்டும்.
பக்கக் கண்ணாடி முப்பத்தைந்து.
ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள் சட்டத்தை.
பயத்துக்கு அதில் அளவு ஏதும் இல்லை.
நானும் கேட்கவில்லை, பின்னால்
ஒரு டாக்ஸி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு எப்படி வந்தது என்றால்,
போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வியாழன்,
மெரிபேங்க் தாண்டி, டாரா சாலையில் ரோபோ சிவப்பு.
இந்த நாட்டில் சிக்னலுக்கு அதுதான் பெயர்.
ஸ்பார்க் பிளக்கின் பீங்கான், நகத்தளவு துண்டு,
எறிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.
கண்ணாடி ஒரு நொடியில் நரைத்து
மடியில் கொட்டியது கல்கண்டாக.
கைப்பை போனது. இன்ஹேலர், சம்பளச் சீட்டு,
பாதி கடித்த சமோசா.
எடுத்த கையின் முகத்தை நான் பார்க்கவில்லை.
அதில் கட்டியிருந்த வாட்ச் மட்டும் ஞாபகம்,
பத்து நிமிஷம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு நாள் விடுமுறை.
செவ்வாய்க்கிழமை பூபாலன் கராஜில் முதல் ஆள் நான்.
"எவ்வளவு கறுப்பு?" என்றார்,
தேநீருக்குச் சர்க்கரை கேட்பதுபோல.
"நிறைய."
"பில்லில் முப்பத்தைந்து என்றே எழுதுகிறேன்."

அப்புறம் ஒரு வருஷம் நான் யாருக்கும் தெரியவில்லை.
மேனேஜரை உரக்கத் திட்டினேன்.
மூக்கு நோண்டினேன்.
சில நாள் அழுதேன், காரணம் குறித்துவைக்கவில்லை.

அதே ரோபோவில் சார்ஜர் விற்கிற பையன்
எல்லா வண்டியிடமும் கேட்பான்,
என்னுடையதில் மட்டும் தலை வாருவான்.
பல்லிடுக்கில் சிக்கியதை நகத்தால் எடுப்பான்.
ஒருநாள், எனக்கு ஒரு சாண் தள்ளி,
"குட் மார்னிங் சார், எனக்கு லைசென்ஸ் இருக்கிறது" என்று
எங்கோ வேலை கேட்கப் பழகினான்,
மூன்று விதமாகச் சிரித்துப் பார்த்து.
மூன்றாவது நன்றாக இருந்தது.

பூபாலன் சூடு காட்டி உரித்தார்.
ஒரு வருஷக் கறுப்பு ஒரே இழுப்பில் வந்தது,
சுருட்டித் தொட்டியில் போட்டார்.
புது ஃபிலிம் வர இரண்டு நாள் ஆகும்.
அந்த இரண்டு நாளும் வெறுங்கண்ணாடி.
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?
இடது கை கியரில், வலது கை கதவுப் பூட்டின்மேல்.

சிவப்பு.
பழக்கத்தில் சீப்போடு வந்தவன்
கை பாதி உயர்ந்தபடி நின்றான்.
அவன் இருக்க வேண்டிய இடத்தில் நான்.
"ஹாவு!" என்றான்.
நம்பர் பிளேட்டைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.
ஒரு வருஷத்தை அவன் எண்ணிக்கொண்டே போவது
நெற்றியில் தெரிந்தது.
"தினமும் உள்ளேதான் இருந்தீர்களா?"
தலையாட்டினேன்.
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினேன் என்று
வீட்டில் சொன்னேன். பொய்.
இறக்கவில்லை. உள்ளிருந்தே,
"மூன்றாவது சிரிப்பு" என்றேன்.
உதட்டைப் படித்தானோ என்னவோ,
பச்சை விழுந்துவிட்டது.

இப்போது முப்பத்தைந்து, முத்திரையோடு.
"எங்க ஊர்ல அதுதாங்க பாஸ் மார்க்" என்று சிரிக்கிறார்
மதுரையிலிருந்து வந்த எங்கள் ஆபீஸ் கணக்கர்.
பாஸ்தான்.
ரிஃபைனரிப் புகைபோக்கி பழுப்பாகத் தெரிகிறது.
வெளியிலிருந்து பார்த்தால்
ஆள் இருப்பது தெரியும், யார் என்று தெரியாது.

பையன் இரண்டு வண்டி தள்ளி
ஒரு பேக்கரி வேனில் தலை வாருகிறான்.
வேலை கிடைக்கவில்லை போல.
என் வண்டி வந்ததும் சீப்பைப் பாக்கெட்டில் செருகி,
எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல்
ஸ்டியரிங்குக்குப் பொதுவாக ஒரு தலையசைப்பு.

நானும் அசைக்கிறேன்.
நூறில் முப்பத்தைந்தாவது போய்ச் சேரும்.